விசில் ஊதாத கோச்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் மினியாபொலிஸில் இருபது வருடமாக வசிக்கிறேன். என் மகன் ஒரு சிறிய கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தான், அங்கேயே அமெரிக்கக் கால்பந்தும் ஆடினான். இப்போது கையில் நல்ல வேலை இருக்கும்போது அதை விட்டுவிட்டு, இன்னொரு சிறிய கல்லூரியில் உதவி கோச்சாகப் போகிறேன் என்கிறான். சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பி.டி. வாத்தியார் வேலைக்கா அமெரிக்கா வந்தோம் என்று ஊரில் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஆட்டமும் ஆபத்தானது. எல்லாவற்றையும்விட, இவனுக்கு இந்த ஆசையை ஊட்டிய கோச் பசங்களைத் திட்டவே மாட்டாராம். கண்டிப்பே இல்லாத ஒருவரிடம் இவன் என்ன கற்றிருப்பான்? சின்ன காலேஜில் கிடந்து என்ன ஆகப்போகிறான்? போகவிடலாமா?

கே., மினியாபொலிஸ்

அன்புள்ள கே,

உங்கள் கடிதம் வந்தபோது ஜான் கலார்டி பற்றிய பழைய செய்திகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் காலேஜ்வில். பெனடிக்ட் சபைத் துறவிகள் நிறுவிய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. பெயர்தான் பல்கலைக்கழகம், ஆண்களுக்கான சிறிய கல்லூரி. கலார்டி 1953இல் அங்கே கோச்சாகச் சேர்ந்து 2012இல் ஓய்வு பெற்றார். அதற்கு முன் மான்டானாவில் கரோல் கல்லூரியில் நான்கு சீசன். ஆக 64 சீசன்கள். 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வேறு எந்தக் கோச்சும் இத்தனை ஆட்டம் ஜெயித்ததில்லை. இருபது வருடம் மினசோட்டாவில் இருந்துகொண்டு ‘சின்ன காலேஜில் கிடந்து என்ன ஆகப்போகிறான்’ என்று எனக்கு எழுதுகிறீர்களே, உங்களை என்ன சொல்ல!

சொந்தக்காரர்கள் சொன்னதாக எழுதியிருப்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பி.டி. வாத்தியார் இளக்காரத்தை அவர்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள், உங்கள் வரிகளிலும் அது இருக்கிறது. நம் ஊரில் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது பி.டி. பீரியட்தான். கணக்கு வாத்தியார் வந்து எடுத்துக்கொள்வார், பி.டி. வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். சம்பளம் குறைவு என்பது உங்களைவிட உங்கள் மகனுக்கு நன்றாகத் தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் ‘கண்டிப்பு’ விஷயம்.

கலார்டி கோச்சானது எப்படி என்று பாருங்கள். கொலராடோவில் டிரினிடாட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன். 1943இல் அவன் படித்த கத்தோலிக்கப் பள்ளியின் கோச்சை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அணியைக் கலைத்துவிடலாம் என்று பள்ளி யோசித்தது. நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஆட்டக்காரனான இவன் பொறுப்பேற்றான். வயது 16. பழைய கோச் பிராக்டிஸின்போது தண்ணீர் குடிக்க விடமாட்டார். அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கோச்சுகளுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. பையன் தண்ணீரைத் திறந்துவிட்டான். தண்டனைக்கு மைதானத்தைச் சுற்றி ஓடுவது, தண்டால், பஸ்கி என்று ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் உயிரை வாங்கிய எல்லாவற்றையும் நிறுத்தினான். மிச்சம் இருந்த நேரத்தில் ஆடவேண்டிய ஆட்டத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தார்கள். ஜெயிக்கவும் செய்தார்கள்.

இதில் எல்லோரும் பையனின் வயதை மெச்சிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சாதாரணமாக ஒருவன் பதினாறு வயதில் வதைபடுகிறான், முப்பத்தைந்து வயதில் கோச்சாகிறான். நடுவில் இருக்கிற வருடங்களில் பட்ட வதையெல்லாம் பெருமையாக மாறிவிடுகிறது. ‘அப்படி அடிபட்டதால்தான் ஆளானேன்’ என்று நம்பத் தொடங்கிவிடுகிறான். பிறகு மாமியாரிடம் பட்டதை மருமகளுக்குத் திருப்பிக் கொடுக்கிற கணக்குதான். கலார்டிக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை. கோச் பதவி வந்தபோது அவருக்குத் தொண்டை இன்னும் காய்ந்துதான் இருந்தது. தாகம் தன்னை வீரனாக்கியது என்று கதை கட்ட அவகாசமே இல்லை.

நான் பள்ளிக் கபடி அணியில் இருந்தவன். ‘தண்ணி குடிச்சா வயித்தப் புடிக்கும்’ என்பது எங்கள் வாத்தியாரின் வேதம். சாயங்காலம் நான்கரை மணி வெயிலில் மைதானத்தைச் சுற்றவிட்டு, குழாயடியில் ஒரு சின்னப் பையனைக் காவலுக்கு நிறுத்திவிடுவார். மயங்கி விழுந்தவன் முகத்தில் தெளிக்க மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். அப்படி விழுந்தவர்களில் ஒருவன், எங்கள் அணியிலேயே நன்றாகப் பாடிப் போகிறவன், பிறகு ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியாரானான். சில வருடங்களுக்கு முன் அவன் பள்ளிக்குப் போயிருந்தேன். பையன்கள் வரிசையாக முட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன்டா என்றேன். ‘நம்ம சார் அன்னைக்கு அப்படிச் செய்யலேன்னா நாம உருப்பட்டிருப்போமாடா?’ என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் உருப்பட்டோம் என்பதற்கு அவனிடம் என்ன சான்று இருந்தது? மாவட்டப் போட்டியில் முதல் சுற்றைக்கூட நாங்கள் தாண்டியதில்லை.

நீங்கள் ‘கண்டிப்பு’ என்று எழுதும்போது உங்கள் மனதில் இருப்பது அந்தக் குழாயடிக் காவல் என்று சந்தேகப்படுகிறேன்.

செயின்ட் ஜான்ஸில் கலார்டி விலக்கி வைத்தவற்றின் பட்டியல் நூறைத் தாண்டும். பிராக்டிஸில் ஒருவரை ஒருவர் தாக்கி வீழ்த்தக் கூடாது. விசில் கிடையாது. தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் பிராக்டிஸ் கிடையாது. தன்னைக் கோச் என்று கூப்பிடக் கூடாது, ஜான் என்றால் போதும். ஆட வந்த யாரையும் கழித்துவிடுவதில்லை, அதனால் அணியில் நூற்றுக்கும் மேல் ஆட்கள். உடலைச் சூடேற்றும் பயிற்சிகளைக் கேலி செய்ய ஒன்று வைத்திருந்தார்: எல்லோரும் புல்லில் மல்லாந்து படுத்து, பக்கத்திலிருப்பவனிடம் ‘இன்று என்ன அருமையான நாள்’ என்று சொல்லவேண்டும். கொசு அதிகமானால் பிராக்டிஸையே நிறுத்திவிடுவார்.

உடனே, செல்லம் கொடுத்துக் கெடுத்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு ஆட்டமுறையில் யாராவது ஒருவன் காலடி தவறினாலும் முதலிலிருந்து மறுபடி. எதிரணியின் படச்சுருளை நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிற ஆள். தோல்வி அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கண்டிப்பு முழுக்க வேலையின் மேல் இருந்தது, பையன்களின் உடம்பின் மேல் இல்லை. 1963, 1965, 1976, 2003 என்று நான்கு தேசியப் பட்டங்கள். கடைசிப் பட்டத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது மவுன்ட் யூனியன், தொடர்ந்து 55 ஆட்டம் ஜெயித்து வந்த அணி. 24-6 என்று முடிந்தது. அப்போது கலார்டிக்கு வயது 77. செயின்ட் ஜான்ஸ் ஆடுவது டிவிஷன் மூன்று என்கிற பிரிவில்; அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை தரக்கூடாது என்பது விதி. படிப்புக்குக் கட்டணம் கட்டிவிட்டு ஆசைக்கு ஆடுகிற பையன்கள் இவர்கள். விரட்டினால் போய்விடுவார்கள், அதுவும் உண்மைதான்.

அதே 2003 நவம்பரில்தான், அதுவரை அதிக வெற்றி பெற்ற கோச்சாக இருந்த எடி ராபின்சனின் 408 வெற்றிகளைக் கலார்டி தாண்டினார். அதற்காக ராபின்சனை ஒரு படி இறக்க எனக்கு மனமில்லை. லூசியானாவில் கிராம்ப்ளிங் என்ற கறுப்பினக் கல்லூரியில் 1941இல் தொடங்கி 1997வரை இருந்தவர். நிறவெறிச் சட்டங்களுக்கு நடுவே, தன் பையன்களை உள்ளே விடாத ஹோட்டல்களைத் தாண்டி பஸ்ஸில் அழைத்துப்போய் ஜெயித்தவர். அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

ஆட்டம் ஆபத்தானது என்கிறீர்கள். ஆபத்தானதுதான், மூளையைப் பாதிக்கிறது, அதில் வாதமே இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். பிராக்டிஸில் தாக்கி வீழ்த்துவதை டார்ட்மத் கல்லூரி 2010இல் கைவிட்டது. டார்ட்மத், ஹார்வர்ட், யேல் போன்றவை சேர்ந்து ஆடும் ஐவி லீக் முழுவதும் சீசன் பிராக்டிஸில் அதை நிறுத்தியது 2016இல். காலேஜ்வில்லில் இருந்த மனிதர் ஐம்பதுகளிலேயே அதைச் செய்துகொண்டிருந்தார். பெரிய பல்கலைக்கழகங்களின் பெரிய சம்பளக் கோச்சுகள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். திட்டாத கோச்சிடம் உங்கள் மகன் என்ன கற்றான் என்று என்னைக் கேட்காதீர்கள், அவனை உட்காரவைத்துக் கேளுங்கள். இதுவரை கேட்டிருக்கமாட்டீர்கள்.

போகவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவன் உங்கள் அனுமதிக்குக் காத்திருப்பதாகத் தெரியவில்லை. போகட்டும். உதவி கோச் வேலையோடு சில கல்லூரிகள் முதுகலைப் படிப்பின் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன. இங்கே உண்டா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் மருத்துவக் காப்பீட்டில் 26 வயதுவரை அவனை வைத்திருக்கலாம், பெயரை எடுத்துவிடாதீர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒருமுறையாவது போய் நில்லுங்கள். அக்டோபரில் அங்கே குளிர் தொடங்கிவிடும், தடிமனான கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.