வாத்து வேட்டைக்கான அரைத் தானியங்கி ஷாட்கன்: எதை முதலில் மாற்றலாம்?

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காக அரைத் தானியங்கி ஷாட்கன் வாங்கியவர் அதில் எதை முதலில் மாற்ற வேண்டும் என்று கேட்டால், தோளில் அமரும் கட்டையைத்தான் சொல்வேன். ஷாட்கன்களில் பெரும்பாலும் பின்குறி, அதாவது கண்ணுக்கு அருகே குறிபார்க்க உதவும் பகுதி, இருப்பதில்லை. சுடுபவரின் கண்ணே அந்த இடத்தை நிரப்புவதால், கட்டையின் நீளமும் சாய்வும் உடலுக்குப் பொருந்தாவிட்டால் குறி தவறும். பல மாதிரிகளுடன் வரும் மெல்லிய தகடுகளைக் கட்டைக்கு முன்னால் செருகியே சாய்வைத் திருத்திவிடலாம்.

அடுத்தது, குழல்முனையில் திருகப்படும் சோக்; குழல்வாயைச் சுருக்கி, குண்டுகள் சிதறும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு குழாய் இது. 1991 முதல் அந்நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளுக்குத் தடை உள்ளது; மாற்றாகப் பயன்படும் எஃகுக் குண்டுகள் ஈயம்போல் நசுங்காதவை என்பதால், எஃகுக்கு ஏற்றது எனக் குறிக்கப்பட்ட, அதிகம் இறுக்காத சோக்கே நல்லது.

தோட்டாக் குழாயை நீட்டுவது, கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், இந்த வேட்டைக்கு வீண்செலவு. கூட்டாட்சி விதிப்படி துப்பாக்கியில் மொத்தம் 3 தோட்டாக்களே கொள்ள வேண்டும். குழலை 18 அங்குலத்துக்குக் கீழே வெட்டினால், அது சில வகை ஆயுதங்களுக்கு அரசுப் பதிவைக் கட்டாயமாக்கும் 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டத்துக்குள் வந்துவிடும்.

ரெமிங்டன் 1100 போன்ற வாயு இயக்க வகைகள் வெடிப்பில் எழும் வாயுவைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றுவதால், அவற்றுக்கு அடிக்கடி துப்புரவு தேவை. பெனெல்லி நிறுவனத்தின் பின்னுதைப்பு இயக்க வகைகள் சுடும்போது எழும் உதைப்பைக் கொண்டே இயங்குவதால், அவற்றில் கரி குறைவு. ஆனால் கனமான துணைக்கருவிகளை ஏற்றினால், விசை குறைந்த தோட்டாக்களுக்கு அவை சரியாக இயங்காமல் போகலாம்.