சார்ஜ்: சுமை யார் தலையில்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பி.காம். முடித்து, மூன்று மாதமாகத் தம்புசெட்டித் தெருவில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். வருகிற மெயில்களில் பாதிக்கு மேல் ‘சார்ஜ்’ என்ற சொல் இருக்கிறது. ஒன்றில் பணம், ஒன்றில் பொறுப்பு, இன்னொன்றில் வழக்கு. போன வாரம் ‘ஐ ஆம் இன் சார்ஜ் ஆஃப்’ என்று எழுதி, பக்கத்தில் என் மேலாளர் பெயரைப் போட்டேன். அவருக்குக் கீழே வேலை செய்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாடிக்கையாளரோ, ‘அப்படியானால் இனி எல்லாவற்றையும் உங்களிடமே கேட்கிறோம்’ என்று பதில் எழுதிவிட்டார். இத்தனை அர்த்தங்களையும் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் வேண்டாம். இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது ஒரே பொருள். உங்கள் அலுவலகத்திலிருந்து ராஜாஜி சாலையைத் தாண்டினால் துறைமுகத்துக்குள் இரவு பகலாக நடக்கிற வேலை அது: சுமை ஏற்றுவது.

லத்தீனில் வண்டிக்கு ‘காருஸ்’ என்று பெயர். வண்டியில் பாரம் ஏற்றுவது ‘காரிகாரே’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. அதே வேர் ஸ்பானிய மொழி வழியாக வந்தபோது ‘கார்கோ’ ஆனது. நீங்கள் தினமும் டைப் செய்கிற ‘கார்கோ’வும் ‘சார்ஜ்’ஜும் அக்காள் தங்கை மாதிரி.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தமிழும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. குற்றம் சுமத்தினார்கள் என்கிறோம். வரியைச் சுமத்தினார்கள், வேலையை என் தலையில் சுமத்தினார்கள் என்கிறோம். ‘பொறுப்பு’ என்ற சொல்லே ‘பொறு’, அதாவது தாங்கு, என்பதிலிருந்து வந்தது. போனில் ‘சார்ஜ் ஏத்து’ என்று வீட்டில் சொல்கிறார்களே, அதுவும் ஏற்றுவதுதான். பாடப்புத்தகமும் மின்னேற்றம் என்றே எழுதுகிறது. ஆகவே ‘சார்ஜ்’ வருகிற இடத்தில் எல்லாம் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே சுமை எது? அது யார் தலையில் ஏறுகிறது?

முதலில் பணம், உங்களுக்கு அதிகம் வருவது அதுதான். காசிமேட்டில் மீன் கூடையை வண்டியில் வைக்க ஏத்துக்கூலி, இறக்க இறக்குக்கூலி. உங்கள் பில்லில் இருக்கிற லோடிங் சார்ஜ், அன்லோடிங் சார்ஜ் இரண்டும் அவைதான். கன்டெய்னர் பெட்டி குறித்த நாளுக்குள் துறைமுகத்தை விட்டு வெளியே போகாவிட்டால் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம். வெளியே எடுத்த பெட்டியைக் காலி செய்து திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் டிடென்ஷன். ஏற்கெனவே உள்ள சுமைக்கு மேல் இன்னொன்றை வைத்தால் சர்சார்ஜ். ‘சர்’ என்றாலே மேலே என்று பொருள். விமானச் சரக்கில் ‘சார்ஜபிள் வெயிட்’ என்று வரும். கட்டணம் போடுவதற்குக் கணக்கில் எடுக்கிற எடை அது. பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கிற சரக்கு என்றால், தராசு காட்டும் எடையை விட்டுவிட்டு, நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 6,000-ஆல் வகுத்து வருகிற கிலோவை எடுத்துக்கொள்வார்கள்.

பண விஷயத்தில் தவறு வருவது ‘சார்ஜ்’ஜால் அல்ல, அதன் பின்னால் வருகிற குட்டிச் சொல்லால். ‘சார்ஜ்டு ஃபார்’ என்றால் எதற்காக என்று சொல்கிறது. ‘சார்ஜ்டு டு’ என்றால் யார் கணக்கில் ஏறுகிறது என்று சொல்கிறது. ‘சார்ஜ்டு பை’ என்றால் வசூலிப்பவர். ‘டிடென்ஷன் வில் பி சார்ஜ்டு டு தி கன்சைனி’ என்று வந்தால் பணம் கட்ட வேண்டியவர் சரக்கைப் பெறுபவர். அந்த ‘டு’ இருந்த இடத்தில் ‘பை’ என்று எழுதிவிட்டால் கொடுப்பவரே வாங்குபவர் ஆகிவிடுவார். மெயிலை அனுப்பும் முன் இந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பப் படியுங்கள்.

சரி, உங்கள் தவறுக்கு வருகிறேன். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் சுமை உங்கள் தலையில்; நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் நீங்களே சுமை. இன்னொருவர் உங்களைப் பார்த்துக்கொள்கிறார். நடுவில் ஒரு ‘தி’ வந்ததும் மேலே கீழே மாறிவிடுகிறது. ஆனால் அந்த இரண்டாவது தொடரும் உங்களுக்கு வேண்டாம். குழந்தையை ஆயாவிடம் விட்டிருக்கிறோம், நோயாளியை நர்ஸிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்கிற இடங்களுக்கே அது பொருந்தும். அலுவலகத்தில் ‘ஐ ரிப்போர்ட் டு’ போதும்.

அப்புறம், ‘யார்டு இன்சார்ஜ்’ என்று ஆளையே இன்சார்ஜ் என்று அழைப்பது நம் நாட்டு வழக்கு. இங்கே எழுதலாம், தவறில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘யார்டு மேனேஜர்’ என்று எழுதினால் தெளிவாக இருக்கும். அரசு அலுவலகங்களில் ‘சார்ஜ் எடுத்தார்’, ‘அடிஷனல் சார்ஜ்’ என்பதெல்லாம் இதே பொறுப்புதான்.

ஏற்றியதை இறக்கினால் டிஸ்சார்ஜ். கப்பல் நிறுவனம் தருகிற சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் ‘போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்’ என்ற கட்டத்தில் சரக்கு இறங்கும் துறைமுகத்தின் பெயர் வரும். சென்னையா, எண்ணூர் காமராஜரா, காட்டுப்பள்ளியா என்று கவனித்து நிரப்புங்கள், மூன்றும் வேறு வேறு துறைமுகங்கள். ஸ்டான்லியில் சேர்த்த பாட்டியை டிஸ்சார்ஜ் செய்தார்கள் என்றால் மருத்துவமனை தன் பொறுப்பை இறக்கி வைத்தது என்று அர்த்தம். கடன் டிஸ்சார்ஜ் ஆனால் தலைப்பாரம் இறங்கியது. ஆனால் அதே மருத்துவமனைச் சீட்டில் புண்ணைப் பற்றி எழுதும்போது ‘டிஸ்சார்ஜ்’ என்று இருந்தால் சீழோ நீரோ வடிகிறது என்று பொருள். வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சட்டத்தில் இந்தச் சொல்லை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘சார்ஜ்டு வித்’ என்றால் ஒருவர் மேல் குற்றம் சுமத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. நம் தெருக்களில் ஒரு பையன் மேல் சார்ஜ் ஷீட் போட்டுவிட்டார்கள் என்றதுமே அவனைக் குற்றவாளி என்று பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிறது. சார்ஜ் ஷீட் என்பது காவல் துறை விசாரணையை முடித்து நீதிமன்றத்துக்குத் தருகிற இறுதி அறிக்கை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193-ஆவது பிரிவு. அதைப் பார்த்து நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைவதற்குத்தான் ‘ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜஸ்’ என்று பெயர். போதிய ஆதாரம் இல்லையென்றால் அந்தக் கட்டத்திலேயே விடுவிப்பார்கள். அதற்கும் பெயர் டிஸ்சார்ஜ். முழு விசாரணைக்குப் பின் கிடைக்கும் விடுதலை அக்விட்டல், அது வேறு.

உங்கள் மேஜைக்கு வரக்கூடிய இன்னொன்று, ‘பேங்க் ஹேஸ் எ சார்ஜ் ஓவர் தி ஸ்டாக்’ என்கிற வரி. வங்கி கட்டணம் கேட்கிறது என்று படித்துவிடாதீர்கள். அந்தச் சரக்கின் மேல் வங்கிக் கடன் ஏறியிருக்கிறது, கடன் அடைகிறவரை வங்கிக்கு அதில் உரிமை உண்டு என்று பொருள். வீட்டுப் பத்திரத்தில் வில்லங்கம் பார்க்கிறோமே, அதற்கு நெருக்கமானது. கம்பெனி என்றால் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 77-ஆவது பிரிவுப்படி 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டிய விஷயம் இது. இப்படி ஒரு வரி வந்தால் உடனே மேலாளரிடம் காட்டுங்கள்.

சுமையிலிருந்து சற்று விலகி நிற்பது பாய்ச்சல் மட்டுமே. லத்தி சார்ஜ் என்றால் தடியடி. வியாசர்பாடி மைதானத்தில் பந்தோடு போகிறவரைக் கண்மூடித்தனமாக இடித்தால் நடுவர் ஃபவுல் கொடுக்கிறாரே, கால்பந்து விதிப்புத்தகத்தில் அந்த இடிக்கும் பெயர் சார்ஜ்தான். உங்கள் மெயில்களில் இது வராது.

இன்று காலையிலேயே அந்த வாடிக்கையாளருக்கு இப்படி எழுதுங்கள்: முதல் வரியில் ‘ஐ ரிப்போர்ட் டு’ என்று சொல்லி மேலாளர் பெயர், அடுத்த வரியில் ‘ஹி இஸ் இன் சார்ஜ் ஆஃப் யுவர் ஷிப்மென்ட்’. மேலாளருக்கும் ஒரு பிரதி போகட்டும்.