ஒரே செக்கிங் டேபிள், 90 ரூபாய் வித்தியாசம்: படித்தால் சரியாகுமா, சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 9 வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். பி.ஏ. முடித்திருக்கிறேன். ஷிப்ட்டுக்கு 420 ரூபாய். இரண்டு வருடம் முன்பு இதே செக்கிங்குக்கு வந்த தம்பி பத்தாவதுதான் படித்தவர். அவருக்கு 510. கேட்டால், "அவன் பண்டல் தூக்கறான், நைட்டு நிக்கறான்" என்கிறார் மேனேஜர். அஞ்சல் வழியில் ஒரு டிப்ளமோ படித்தால் சம்பளம் கூடுமா? இல்லை, சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: சகோதரி, டிப்ளமோவுக்குப் பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அந்தத் தம்பிக்கு 90 ரூபாய் அதிகம் கிடைப்பது படிப்பால் இல்லை. அப்படியிருக்க, நீங்கள் படிப்பதால் மட்டும் அது எப்படிச் சரியாகும்?

ஆளுக்கு ஆள் கூலி மாறுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கட்டிங் மாஸ்டர் கை தவறினால் ஒரு லாட் துணியே வீணாகும். அவருக்குக் கூடுதல் கூலி நியாயம்தான். சாயப்பட்டறை வேலையில் உடம்புக்கு ஆபத்து அதிகம். பீஸ் ரேட்டில் கை வேகமுள்ளவர் அதிகம் வாங்குவார். பெரிய கம்பெனி தருவதைச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டால் தர முடியாமல் போகலாம். ஆனால் ஒரே கம்பெனியில், ஒரே டேபிளில் நிற்கும் உங்கள் இருவருக்கும் இதில் எதுவும் பொருந்தவில்லை.

மேனேஜர் சொல்லும் இரண்டு காரணங்களுக்கு வருவோம். நைட் நிற்பதற்குக் கூலி தனி. வேலை நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். ராத்திரி வேலையின் பலனை அந்தக் கணக்கில் கொடுக்க வேண்டுமே தவிர, பகல் ஷிப்ட் ரேட்டிலேயே சேர்த்துக் கொடுக்க முடியாது.

பண்டல் தூக்குவதைக் கண்ணால் பார்த்து அளக்கலாம். ஒரு கம்பெனியில் இதே புகாருக்காக நான் ஒரு நாள் முழுக்க டேபிள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு பீஸாக விரித்து, தோள், கை, அடிமடிப்பு என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் கண்ணில் பட்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஆணும் பெண்ணும் செய்தது இதே வேலைதான். ஆண்கள் பண்டல் தூக்கியது அன்று நாலு முறை, மொத்தம் இருபது நிமிடத்துக்குள். அவர்கள் தூக்கப் போனபோது அவர்களுடைய பீஸ்களையும் சேர்த்துப் பார்த்தது பக்கத்தில் நின்ற பெண்கள். அதை யாரும் கூலியில் கணக்குப் போடவில்லை.

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 1987-ல் உச்ச நீதிமன்றத்துக்கு மக்கின்னன் மெக்கன்சி கம்பெனியின் பெண் ஸ்டெனோகிராபர் ஒருவருடைய வழக்கு வந்தது. ஆண் ஸ்டெனோக்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு. யூனியனோடு ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுக்கிறோம் என்றது கம்பெனி. நிஜத்தில் என்ன வேலை நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும், சின்னச் சின்ன வித்தியாசத்தைக் காட்டி வேறு வேலை என்று சொல்லக் கூடாது என்றது நீதிமன்றம். கொடுக்க வசதி இல்லை என்ற வாதமும் எடுபடவில்லை.

அந்த வழக்கு 1976-ன் சம ஊதியச் சட்டப்படி நடந்தது. இப்போது அதன் இடத்தில் 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளது. ஒரே வேலைக்கோ, ஒரே தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் என்று பார்த்துக் கூலியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அதன் 3-வது பிரிவு. சமமாக்குகிறேன் என்று சொல்லி அந்தத் தம்பியின் கூலியைக் குறைக்கவும் முடியாது. இதை அவரிடமே சொல்லிவிடுங்கள், பயப்படாமல் உங்கள் பக்கம் நிற்பார். பாக்கிக் கூலி கேட்டு மனுப் போட 3 வருட அவகாசம் உண்டு. ஒழுங்காகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

90 ரூபாய் சின்னத் தொகை என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டுங்கள். மாதம் 26 நாளுக்கு 2,340, வருடத்துக்கு 28,080. பி.எஃப்.பும் அதற்கேற்பக் குறையும். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, வருடத்துக்கு 15 நாள் கூலி. இன்று நீங்கள் வேலையை விட்டால் 9 வருடத்துக்கு அதில் மட்டும் 12,150 ரூபாய் குறையும்.

இவ்வளவும் ஒரே டேபிளில் உள்ள வித்தியாசம். இதைவிடப் பெரிய வித்தியாசம் டேபிளுக்கு வெளியே இருக்கிறது. கைமடி, டேமேஜ், செக்கிங் போன்ற வேலைப் பிரிவுகளில் பெரும்பாலும் பெண்கள். கட்டிங், அயர்னிங்கில் பெரும்பாலும் ஆண்கள். முதலாளிகளும் யூனியன்களும் போடும் கூலி ஒப்பந்தத்தில் ரேட் வேலைப் பிரிவை வைத்துத்தான். சட்டம் ஒரே வேலையை ஒப்பிடும். கட்டிங், அயர்னிங் வேலைக்கே பெண்களை ஏன் விடவில்லை என்று கேட்பது கஷ்டம். பழைய சட்டத்தில் பதவி உயர்வு, பயிற்சி என்ற சொற்களே இருந்தன. புதியதில் 'வேலை நிபந்தனைகள்' என்று பொதுவாக விட்டுவிட்டார்கள். எனக்கு அது நஷ்டமாகவே படுகிறது.

ஒன்றரை ஷிப்ட் நிற்பவருக்குத்தான் மெஷின் பழக நேரமும் கிடைக்கிறது, மேஸ்திரி கண்ணிலும் படுகிறார். பிள்ளைக்குச் சோறு போட ஆறு மணிக்கு வீட்டுக்கு ஓடுபவருக்கு இரண்டும் இல்லை. பெண்களின் வருமானம் பின்தங்குவதில் குழந்தைப் பொறுப்புக்கும் நீண்ட வேலை நேரத்துக்கும் உள்ள பங்கையும் ஆராய்ந்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டின் 2023-ல் பொருளாதார நோபல் வாங்கினார்.

சரி, படிப்பு. பட்டம் எங்கே பயன்படுகிறதோ அங்கேதான் அதற்குக் கூலி. உங்கள் பி.ஏ. செக்கிங் டேபிளில் பயன்படவில்லை. க்யூசி (தரக் கட்டுப்பாடு) வேலைக்கோ, பையரின், அதாவது துணி வாங்கும் கம்பெனியின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பக்கமோ போனால் பயன்படும். அதற்கு வேண்டியது ஸ்பெக் ஷீட் (துணியின் அளவு, தர விவரத் தாள்) படிக்கத் தெரிவது, எக்செல், பையருக்கு நாலு வரி ஆங்கிலத்தில் மெயில். டிப்ளமோவுக்கு முன்னால் ஒரு விஷயம் விசாரியுங்கள்: செக்கிங்கிலிருந்து ஒரு பெண்ணையாவது உங்கள் கம்பெனி க்யூசி ஆக்கியிருக்கிறதா? இல்லையென்றால், படித்துவிட்டு வேறு கம்பெனியில்தான் கேட்க வேண்டியிருக்கும். அங்கேயும் சான்றிதழ் மட்டும் பேசாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றாகவே இருந்தும் தலித், முஸ்லிம் பெயர்களுக்குத் தனியார் கம்பெனிகளிலிருந்து வந்த அழைப்பு குறைவு. அதனால் படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலி குறைவதற்கு உங்கள் படிப்பில்தான் குறை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள், அதைக் கொடுப்பது கம்பெனியின் கடமை. நடப்புக் கூலி ஒப்பந்தத்தில் செக்கிங்குக்கு என்ன ரேட் என்று யூனியன் ஆபீசில் பாருங்கள். தனியாகப் போகாமல், நாலைந்து பேராகக் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள். நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமும் உங்களுக்காக மனுப் போடலாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், தினமும் நீங்கள் எத்தனை பீஸ் பார்த்தீர்கள், அந்தத் தம்பி எத்தனை பார்த்தார், பண்டல் எத்தனை முறை, எவ்வளவு நேரம் தூக்கினார் என்று தேதி போட்டு எழுதுங்கள். நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும், கம்பெனி லாக்கரில் வேண்டாம்.