கொக்கு வெளுக்கிறது, கூழைக்கடா கறுக்கிறது

வணக்கம் சார்,
டிஎஸ்எல்ஆரும் 300 எம்எம் லென்ஸுமாக வேடந்தாங்கல் போய் வந்தேன். மரத்தில் இருந்த கொக்குகள் இறகே தெரியாமல் வெள்ளைத் திட்டாக விழுந்திருக்கின்றன, வானத்தில் பறந்த கூழைக்கடாக்கள் வெறும் கறுப்பு நிழல். பாதிப் படங்களில் பறவை மங்கல், முன்னால் நிற்கும் கிளைதான் துல்லியம். கடையில் லென்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றாதீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கிளையில் மரப்பட்டையின் வெடிப்புகூடத் தெரிகிறது. லென்ஸ் நன்றாகவே இருக்கிறது, ஃபோகஸ்தான் இடம் மாறி விழுந்திருக்கிறது. எந்தப் புள்ளியில் ஃபோகஸ் செய்வது என்பதைக் கேமராவிடமே விட்டால் அது பெரும்பாலும் அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதைப் பறவையின் கண்ணில் வையுங்கள். பறக்கும் பறவைக்குத் தொடர் ஃபோகஸ் (நிக்கானில் ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ), ஷட்டர் வேகம் 1/2000 நொடி. ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஏறுகிறதே என்று பயப்பட வேண்டாம், புள்ளி புள்ளியாகத் தெரிகிற படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் வெளிச்சம். ஒளிமானிக்குக் கொக்கு, வானம் என்றெல்லாம் தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருவேலமும் கடம்பும் அடர்ந்த இருட்டு ஃப்ரேமை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, அதில் கொக்கு வெளுத்துப் போகிறது. வானம் நிறைந்தால் குறைத்துவிடுகிறது, கூழைக்கடா கறுக்கிறது. கேமராவில் +/- போட்ட பொத்தான் இதற்குத்தான். மரத்துக் கொக்குக்கு -1, வானத்துப் பறவைக்கு +1 வைத்துத் தொடங்குங்கள், வெளுத்த இடம் மின்னிக் காட்டும் எச்சரிக்கையைத் திரையில் போட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் வெள்ளையைக் காப்பாற்றுங்கள், ஏனென்றால் கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் நிழலை ஓரளவு மேலே தூக்கலாம், முற்றிலும் வெளுத்த இறகு திரும்பி வராது.

இன்னொன்று, மதிய வெயிலில் எடுத்த படங்கள் எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பிசிறடிக்கின்றன. சூடேறிய காற்று அலைவதால் வருவது அது, எந்த விலை லென்ஸும் தீர்க்காது. விடிந்ததும் போங்கள்.

லென்ஸ் மேல் இன்னும் சந்தேகமென்றால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, தூரத்துச் செங்கல் சுவர் ஒன்றை லைவ் வியூவிலும் (பின்பக்கத் திரையில் பார்த்து) வியூஃபைண்டர் வழியாகவும் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) எடுத்துப் பாருங்கள். லைவ் வியூவில் மட்டும் தெளிவாக வந்தால், சர்வீஸ் சென்டரில் ஃபோகஸைச் சீர்செய்யச் சொன்னால் போதும், புது லென்ஸ் தேவையில்லை.