'குவாண்டம் ஏஐ' செயலியில் பணம் போடலாமா?

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒரு செயலி வந்திருக்கிறது. குவாண்டம் கம்ப்யூட்டரும் ஏஐயும் சேர்ந்து பங்குகளை வாங்கி விற்குமாம். 21,000 ரூபாய் போட்டால் மாதாமாதம் வருமானம் என்கிறார்கள். பெரிய வங்கியே குவாண்டம் பயன்படுத்துவதாகச் செய்தியில் படித்தேன். நம்பலாமா?

பதில்: போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். 'குவாண்டம் ஏஐ' என்ற இதே பெயரில் ஈலான் மஸ்க்கின் போலி வீடியோவைக் காட்டி ஆள் பிடித்தவர்களைப் பற்றி ஹாங்காங் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதமே எச்சரித்தது.

நீங்கள் படித்தது அநேகமாக எச்எஸ்பிசி செய்தியாக இருக்கும். ஐபிஎம்மின் குவாண்டம் கணினியை (அணுத்துகள்களின் விதிகளை வைத்துக் கணக்குப் போடும் புதுவகைக் கணினி) வைத்து அந்த வங்கி செய்த சோதனை 2025 செப்டம்பரில் வெளியானது. வாடிக்கையாளர் ஒரு நிறுவனக் கடன் பத்திரத்துக்கு விலை கேட்கிறார், வங்கி ஒரு விலை சொல்கிறது. அந்த விலைக்குப் பேரம் படியுமா? இதைக் கணிப்பதில் 34 சதவீதம் வரை முன்னேற்றம் என்றார்கள். நாளை எந்தப் பங்கு ஏறும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோதித்ததும் நடந்து முடிந்த வர்த்தகத்தின் தரவைத்தான். குவாண்டம் கணினி தரவை உருமாற்றித் தந்தது, கணித்தது பழைய தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் வழக்கமான மென்பொருள் (இயந்திரக் கற்றல்). இதில் ஒரு வேடிக்கை: இன்றைய குவாண்டம் கணினிகள் பிழை செய்பவை. பிழையே இல்லாத குவாண்டம் கணினியைப் போல சாதாரணக் கணினியில் பாவனை செய்து பார்த்தபோது அந்த முன்னேற்றம் வரவில்லை! ஏன் என்று துறைக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. ஆய்வகத்தில் இந்த நிலையில் இருப்பது உங்கள் போனில் மாதவருமானம் தருமா?

ஏஐ கதை வேறு. அது நிஜமாகவே வேலையில் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் வங்கியின் பக்கம். ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய 'மியூல்ஹண்டர்' மோசடிப் பணத்தைக் கைமாற்றுவதற்காக வாடகைக்கு விடப்படும் கணக்குகளை மோப்பம் பிடிக்கிறது. உங்கள் 21,000 போய் விழும் கணக்கும் அப்படியொன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குவாண்டம் கணினி ஒருநாள் வங்கிகள் தகவலைப் பூட்டி வைக்கும் மறைகுறியீட்டை உடைக்கலாம் என்ற பயம் நியாயமானது. அதற்கான புதிய பூட்டுகளை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. மாற்றுவது வங்கிகளின் பொறுப்பு. நீங்கள் வங்கிச் செயலியை அவ்வப்போது அப்டேட் செய்தால் போதும்.

அந்தக் குழுவில் கொடுத்த யுபிஐ முகவரியை மட்டும் எடுத்துப் பாருங்கள். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவுபெற்ற தரகர்களுக்கு 2025 அக்டோபர் முதல் தனி முகவரி உண்டு: அட் (@) குறியை அடுத்து 'வேலிட்' (valid) என்ற சொல், அதோடு ஒட்டி வங்கியின் பெயர். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய குறி தெரியும். 'செபி செக்' வசதியிலும் சரிபார்க்கலாம். உங்களுக்கு வந்திருப்பது யாரோ ஒரு தனிநபர் பெயரிலோ, கேள்விப்படாத 'டிரேடர்ஸ்' பெயரிலோதான் இருக்கும்.