பைக் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, மெக்கானிக் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார். வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

முடியும். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கிளட்ச் கேபிளையும் எஞ்சின் ஆயிலையும் பாருங்கள். நாலாவது கியரில் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் கிளட்ச்தான். அதற்காக கிளட்சுக்குள் உராய்ந்து பிடிக்கும் ப்ளேட் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

நான் பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது பத்து வருடம் ஓடிய 150 சிசி வண்டி. மச்சான் காருக்கு ஆயில் மாற்றியபோது ஒரு லிட்டருக்கு மேல் புது ஆயில் மிஞ்சியது, வீணாய்ப் போகிறதே என்று என் வண்டியில் ஊற்றிவிட்டேன். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினோம், பின்னால் மனைவி, டேங்க் மேல் ஒரு பை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஆறாவதைத் தாண்டுவதற்குள் எஞ்சின் கத்துகிறது, வண்டி மாட்டு வண்டி வேகத்தில் போகிறது, கருகிய நாற்றம் வேறு. அப்போதாவது ஆயிலை மாற்றியிருந்தால் தப்பித்திருப்பேன். கேபிள்தான் கோளாறு என்று அதையே திருகிக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் ஓட்டி ப்ளேட்டைக் கருக்கினேன்.

சரி, முதலில் கிளட்ச்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆளில்லாத ரோட்டில், எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் சட்டென்று முழுதாக முறுக்குங்கள். எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும், சத்தம் முன்னால் ஓடிவிட்டு வேகம் பின்னால் வந்தால் ஸ்லிப். செயின் பல் தேய்ந்திருந்தாலும் வண்டி இழுக்காது, ஆனால் அது கடகடவென்று உதைத்துக்கொண்டு நழுவும். கிளட்ச் உதைக்காது, வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

அடுத்து லீவர். கிளட்ச் லீவரின் நுனியை ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள், பாரம் தெரிவதற்கு முன்னால் 10 முதல் 15 மில்லிமீட்டராவது சும்மா வர வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் அந்த லூஸ் இருக்கிறதா பாருங்கள். கேபிள் நாளாக நாளாக லூஸ்தானே ஆகும் என்று நினைப்போம். ஆனால் ப்ளேட் தேயத் தேய இந்த லூஸ் குறைந்துகொண்டே வரும். லூஸே இல்லாவிட்டால் நீங்கள் எப்போதும் லேசாகக் கிளட்சைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவது போலத்தான், நல்ல ப்ளேட்டும் கருகும். கேபிளில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி லூஸ் கொடுங்கள், பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஆயில் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டு வேலை செய்கிறது. காரில் அப்படியில்லை. அதனால் கார் ஆயிலில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சரக்குகளைத் தாராளமாகச் சேர்க்கலாம், காருக்கு அது நல்லது. நம் கிளட்சோ உராய்வை நம்பித்தான் பிடிக்கிறது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது ஜப்பான்காரர்களின் தரக் குறியீடு. எம்பி என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. தப்பான ஆயில் ஊற்றியிருந்தால் மாற்றிவிட்டு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், ப்ளேட் கருகாமல் இருந்தால் பிடிமானம் பெரும்பாலும் திரும்ப வரும்.

இதெல்லாம் பார்த்தும் ஸ்லிப் நிற்கவில்லை என்றால் திறக்க வேண்டியதுதான். ஆயிலை வடித்துவிட்டு, கேபிளையும் கிக்கரையும் கழற்றி, கிளட்ச் இருக்கும் பக்கத்து (பெரும்பாலும் வலது) கவரின் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது, ஒரு அட்டையில் கவரின் படத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். உள்ளே என் வண்டியில் நாலு போல்ட், நாலு ஸ்பிரிங், மற்ற ப்ளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ப்ரஷர் ப்ளேட், அதற்குப் பின்னால் ஃபைபர் ப்ளேட்டும் ஸ்டீல் ப்ளேட்டும் மாறி மாறி. சில வண்டிகளில் நடுவில் இருக்கும் நட்டையோ லாக்கையோ கழற்றினால்தான் ப்ளேட் வரும், அதற்குத் தனி டூல் வேண்டும், அது இல்லாமல் உளியை வைத்துத் தட்டாதீர்கள், அந்த இடத்தில் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ப்ளேட்டாக எடுக்கும்போது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது சாயங்காலம் ஞாபகம் வராது.

என் ஃபைபர் ப்ளேட் கறுத்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஸ்டீல் ப்ளேட் இரண்டில் நீலம் பாரித்திருந்தது, சூட்டின் அடையாளம். அவற்றைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் அழுத்தினேன், ஒன்று ஆடியது, அதாவது வளைந்துவிட்டது. ஃபைபர் ப்ளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து உங்கள் வண்டி மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தாலும் இதே ஸ்லிப்தான் வரும், அதற்கு நாலு ஸ்பிரிங் போதும், செட் வேண்டாம்.

புது ஃபைபர் ப்ளேட்டை அப்படியே மாட்டாதீர்கள், முதல் நாள் இரவே எஞ்சின் ஆயிலில் ஊறப் போடுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அவை அலுமினியத்தில் ஏறும் சின்ன போல்ட்டுகள், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கவரை மூடி, புது ஆயில் ஊற்றி, கேபிள் லூஸைப் புதிதாக வையுங்கள், பழைய அளவு சரியாக வராது. 500 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை லூஸைப் பாருங்கள்.

எனக்கு சாமான் செலவு 1,200 ரூபாய் சொச்சம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. அப்புறம் ஒன்று, கவருக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கும் பேக்கிங்கை இரண்டாக வாங்கி வையுங்கள். நான் ஒன்றே ஒன்று வாங்கி, ஒட்டும்போது கிழித்து, கையெல்லாம் ஆயிலோடு அதே மச்சானின் ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு எந்தக் கடை திறந்திருக்கிறது என்று ஊர் முழுக்கச் சுற்றினேன்.