டிவில பிரிவு (வசூல்) எடுத்த காசு நிக்குமா?

அண்ணே வணக்கம்,

எனக்கு ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம், இப்போ வேலை மஸ்கட்ல. போன வாரம் அம்மா போன் போட்டு ஒரே அழுகை, என்னமோ ஏதோன்னு பதறிட்டேன், கடைசில பாத்தா டிவில ஒரு மலையாள சேனல் புரோகிராம். சுகமில்லாத ஒரு சின்னப் புள்ளையக் காட்டி, பின்னாடி வயலின் போட்டு, கீழ அக்கவுண்ட் நம்பர் ஓட்டி, நடிகருங்க வரிசையா வந்து நான் இவ்வளவு தாறேன்னு சொல்லிருக்காங்க. அம்மா சொன்னதுக்காக ஐயாயிரம் அனுப்பிட்டேன். அனுப்புனதுல வருத்தம் இல்ல. ஆனா நடுநடுவுல நகைக்கடை விளம்பரம் ஓடிச்சுன்னு அம்மாவே சொன்னப்போ ஒரு மாதிரி ஆயிருச்சு. இப்படி பிரிக்கற காசு எதையாவது நிரந்தரமா மாத்துமா, இல்ல அந்த ராத்திரியோட சரியா? சுனாமிக்கு நமக்க கடற்கரைல எவ்வளவு காசு வந்து எறங்குச்சு, அதுல இன்னைக்கு என்ன மிச்சம் இருக்கு? அம்மா இனியும் அனுப்பச் சொல்லுவாங்க, நான் என்ன சொல்லட்டும்?

(பேரு போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

தம்பி,

நகைக்கடை விளம்பரத்த விடுங்க. சேனல்காரன் சும்மா நடத்த மாட்டான், அது கெடக்கட்டு. உங்க கேள்விக்கு எனக்கு தோணுறது என்னன்னா, காசு நிக்குமா நிக்காதாங்கறது டிவில தீர்மானம் ஆவறது இல்ல, அத வாங்குற ஆளு யாரு, அந்த ஆளு அஞ்சு வருஷம் கழிச்சும் அதே வேலைய அங்கயே செஞ்சிட்டு இருப்பானாங்கறதுலதான் எல்லாம் இருக்கு. இத வச்சு பாத்தா சில டிவி பிரிவு அசாத்தியமா நின்னுருக்கு, சிலது மழத்தண்ணி மாதிரி ஓடியே போயிருக்கு.

எல்லாரும் சொல்ற உதாரணம் எத்தியோப்பியா. 1984 அக்டோபர்ல பிபிசி அந்த ஊரு பஞ்சத்த காட்டுச்சு, அதப் பாத்துட்டு பாப் கெல்டாஃப்ங்கற பாட்டுக்காரர் கெளம்பி, 1985 ஜூலை 13 அன்னைக்கு லண்டன்லயும் பிலடெல்பியாலயும் ஒரே நாள்ல கச்சேரி வச்சு, உலகம் பூரா லைவா காட்டி, பத்து கோடி டாலருக்கு மேல பிரிச்சாங்க. அதுல பசி ஆறுனவங்க உண்டு, இல்லன்னு சொல்லக் கூடாது. ஆனா அந்தப் பஞ்சத்துல பாதி மழை பொய்ச்சதால வந்தது, மீதி சண்டையால வந்தது. அப்போ அந்த நாட்ட ஆண்ட மெங்கிஸ்டுவோட ராணுவ ஆட்சி வடக்க இருந்த ஜனங்கள கட்டாயப்படுத்தி தெக்க கொண்டு போய் இறக்கிட்டு இருந்துச்சு, இது ஆள் சாவுற வேலைன்னு வாய் திறந்து சொன்ன எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போட பிரெஞ்சு குழுவ 1985 கடைசில நாட்ட விட்டே வெரட்டிட்டாங்க. கச்சேரி பாத்து காசு குடுத்தவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும், அவனுக்கு காட்டுனது எலும்பும் தோலுமா ஒரு புள்ள, அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன், இது உங்க அம்மா பாத்த புரோகிராமுக்கும் சம்பந்தம் உள்ளது. பிரான்ஸ்ல தசை தேஞ்சு போற நோய் உள்ள புள்ளைங்களோட அப்பா அம்மாமாரு சேர்ந்து 1958லயே ஒரு சங்கம் வச்சிருந்தாங்க. அவங்கதான் 1987 டிசம்பர்ல மொதல்மொதலா டிவில முப்பது மணி நேரத்துக்கு கிட்ட ஒரே மூச்சா பிரிவு எடுத்தாங்க, அதுக்குப் பேரு டெலிதான், இன்னைக்கு வரைக்கும் வருஷா வருஷம் நடக்குது. வந்த காசுல ஒவ்வொரு புள்ளைக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வச்சு குடுத்துட்டு கையத் தட்டிட்டுப் போயிருக்கலாம். அதோட நிறுத்தாம 1990ல பாரிஸ் பக்கத்துல எவ்ரிங்கற ஊர்ல ஜெனிதான்னு ஒரு லேப் கட்டுனாங்க. ரெண்டு மூணு வருஷத்துல மனுஷ மரபணுவோட மொத மேப்புகள போட்டு, உலகத்துல எந்த விஞ்ஞானி வேணும்னாலும் எடுத்துக்கோன்னு சும்மா குடுத்தாங்க. டிவி பாத்து அழுதுட்டு அம்பது பிராங்க் நூறு பிராங்க் போட்ட சாதாரண ஜனத்தோட காசு அது.

அந்த லேப்ல நடந்த ஆராய்ச்சிக்கும் பங்கு உள்ளதுதான் எஸ்எம்ஏங்கற, பொறவியிலயே நரம்பு கெட்டு தசை தேயுற நோய்க்கு போடுற சோல்ஜென்ஸ்மாங்கற ஊசி. ஆமா, நம்ம ஊரு நியூஸ்ல பதினாறு கோடி ஊசின்னு வந்துச்சே, அதேதான். ஒரு அமெரிக்க கம்பெனி அந்த ஆராய்ச்சிக்கு லைசென்ஸ் வாங்குச்சு, அந்த கம்பெனிய 2018ல நோவார்ட்டிஸ் வாங்குச்சு, 2019ல அமெரிக்கால ஊசிக்கு வெல வச்சாங்க, 21 லட்சம் டாலருக்கு மேல. அப்புறம் என்ன, 2021ல கண்ணூர் பக்கம் மாட்டூல்ல ஒரு புள்ளைக்கு அந்த ஊசி வாங்க 18 கோடி வேணும்னு ஊரே திரண்டு கேட்டுச்சு, சில நாள்ல 46 கோடிக்கு மேல வந்து குவிஞ்சு போதும் போதும் அனுப்பாதீங்கன்னு அவங்களே சொல்ல வேண்டியதாச்சு. டிவில பிரிச்ச காசுல ஆராய்ச்சி நடந்து வந்த மருந்துக்கு மறுபடியும் டிவிலயும் வாட்ஸாப்லயும் பிரிவு எடுக்க வேண்டிய கெதி, இத யோசிச்சா எனக்கு ஒரே வெப்ராளமா இருக்கு. ஆராய்ச்சி நெலச்சுச்சு, மருந்து வந்துச்சு, ஆனா அந்த அப்பா அம்மாமாரு கட்டுன சங்கத்துக்கு வெல வைக்கற எடத்துல நாற்காலி இல்ல. நம்ம மத்திய அரசு 2021ல அரிய நோய்களுக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்தாங்க, மொதல்ல 20 லட்சம் வரைக்கும் உதவின்னாங்க, 2022ல அத 50 லட்சம் ஆக்குனாங்க, மிச்சத்துக்கு ஜனங்ககிட்ட கேக்கறதுக்கு ஒரு வெப்சைட்டும் சர்க்காரே திறந்து வச்சிருக்கு. பதினாறு கோடி எங்க, அம்பது லட்சம் எங்க. மருந்து வெலய எறக்கறதும் வரிய தள்ளுபடி பண்றதும் எந்த நடிகர் மேடை ஏறுனாலும் நடக்காது.

அழுகைய பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா உங்க அம்மாவ அழ வச்சது அந்த க்ளோசப்தான். அமெரிக்கால ஜெர்ரி லூயிஸ்ங்கற காமெடி நடிகர் 1966ல இருந்து 2010 வரைக்கும் இதே தசை நோய்க்கு வருஷா வருஷம் டிவில பிரிவு எடுத்தாரு, கோடி கோடியா வந்துச்சு. சின்ன வயசுல அந்த அமைப்போட போஸ்டர்ல போட்டோ வந்த புள்ளைங்க வளந்து பெரியாளாகி, எங்கள பாவமா காட்டி காட்டியே எங்களுக்கு ஒருத்தனும் வேலை குடுக்காம ஆக்கிட்டீங்கன்னு அவருக்கு எதிராவே போராட்டம் பண்ணுனாங்க. காசு குடுத்தவன் மனசுல என்ன பதிஞ்சுது பாருங்க, இவங்களுக்கு வேண்டியது பிச்சைதான்னு பதிஞ்சுது, வீல்சேர் ஏறுற மாதிரி பஸ்ஸும் படிக்கட்டு இல்லாத ஆபீசும் வேணும்னு பதியல.

சரி, நமக்க கடற்கரைக்கு வருவோம்.

2004 சுனாமில நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியா தமிழ்நாட்டுல அதிகம் உயிர் போனது நம்ம மாவட்டத்துலதான், குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்ல. அலைய உலகமே வீடு வீடா டிவில பாத்துச்சு, அதனால காசும் அலை மாதிரியே வந்துச்சு. எல்லைகளற்ற மருத்துவர்கள் 2005 ஜனவரி மொத வாரத்துலயே, சுனாமிக்கு எங்களுக்கு போதும், இனி அனுப்பாதீங்க, வேற எடத்துக்கு குடுங்கன்னு சொன்னாங்க, அந்த நேர்மைக்கு அவங்களுக்கு திட்டும் விழுந்துச்சு. பின்னாடி சர்வதேச அமைப்புங்க சேர்ந்து 2006ல கணக்குப் பாத்தப்போ, சுனாமில பாதிக்கப்பட்டவனுக்கு ஆளுக்கு 7100 டாலர் அளவுக்கு வந்திருக்கு, அதே 2004ல பங்களாதேஷ் வெள்ளத்துல பாதிக்கப்பட்டவனுக்கு ஆளுக்கு மூணு டாலர். அந்த வெள்ளத்த யாரும் கிறிஸ்மஸ் லீவுல வீட்ல உக்காந்து பாக்கல.

வந்த காசு என்ன ஆச்சு? கேமரால தெரியற சாமானமா ஆச்சு. தமிழ்நாட்டு கடற்கரைல பல எடத்துல சுனாமிக்கு முன்னாடி இருந்தத விட வள்ளம் கூடிப் போச்சு, கட்டுமரம் வச்சிருந்தவனுக்கும் ஃபைபர் வள்ளம், வள்ளமே இல்லாதவனுக்கும் ஃபைபர் வள்ளம், அவசரத்துல வார்த்தது சிலது ரொம்ப நாள் ஓடவும் இல்ல. மீனுக்கு மட்டும் யாரும் டொனேஷன் குடுக்கலியே, கடல்ல உள்ளது உள்ளதுதான். வீடு வந்துச்சு, அது பெரிய விஷயம், நான் கொறச்சு சொல்லல. ஆனா உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு சிமெண்ட் பேந்து நிக்கற சுனாமி வீட்ட இப்பவும் போய் பாக்கலாம், ரிப்பேருக்குன்னு ஒரு சேனலும் பிரிவு எடுக்காது. திறப்பு விழாவுக்கு கேமரா வரும், ஒழுகுனா வராது. அலை பேத்துப் போட்ட மணக்குடி பாலத்துக்கு பதிலா புதுசு கட்டுனது சர்க்காருதான்.

ஒக்கி புயல் வேற கதை. 2017 நவம்பர் 30. அலை ஊருக்குள்ள ஏறி வரல, ஆளுங்க செத்தது ஆழ்கடல்ல, படம் எடுக்க ஒருத்தரும் இல்ல. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை ஆளுங்க சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்குல போறவங்க, கரைல இருந்து வயர்லெஸ்ல சொன்னா அவ்வளவு தூரத்துக்கு கேக்காது, புயல் வருதுன்னு அவங்களுக்கு தெரியாமலே போச்சு. அப்போ குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்த ஜனம் என்ன கேட்டுச்சு? ஹெலிகாப்டர் அனுப்பு, நேவிய அனுப்பு, தேடு. அரிசி கேக்கல, சேலை கேக்கல. உடம்பு கிடைக்காதவன செத்தவனா ஏத்துக்க சட்டப்படி ஏழு வருஷம் காத்திருக்கணும், அத சர்க்கார் தளர்த்துனதாலதான் குடும்பங்களுக்கு 20 லட்சம் கைல வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் ஆழ்கடல் போட்டுக்கு சாட்டிலைட் வழியா எச்சரிக்கை சொல்ற கருவி எல்லாம் பேச்சுலயே வந்தது. இதெல்லாம் எந்த டெலிதான்ல பிரிப்பீங்க, வயலின் எங்க போடுவீங்க?

காசு நின்னதுக்கு நமக்க ஊர்லயே சாட்சி வேணும்னா நெய்யூர் ஆஸ்பத்திரி இருக்கு. லண்டன் மிஷன்காரங்க 1838ல அங்க வைத்தியம் ஆரம்பிச்சாங்க. 1922ல எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல்ங்கற டாக்டர் எறங்கி வந்து தெற்க சுத்திப் பாக்கறப்போ நெய்யூர்ல நோயாளி கூட்டத்தப் பாத்துட்டு, லண்டன்ல கெடைக்க இருந்த பெரிய வேலைய விட்டுட்டு இங்கயே வந்து சேந்தார், வருஷக்கணக்கா கத்தி புடிச்சார். அதுக்கு காசு? சீமைல சபை சபையா சில்லறையா பிரிச்சது, ஒரு ராத்திரி இல்ல, தலமுற தலமுறையா. அவங்களுக்கு மதம் பரப்புற நோக்கம் இருந்துச்சுன்னு சொல்லுவீங்க, இருந்துச்சு, இல்லன்னு யாரு சொன்னா. ஆஸ்பத்திரி நிக்குதா இல்லியா? நம்ம சபைப் பெண்ணுங்க சோறு வைக்கறப்போ ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வைப்பாங்களே, பிடியரிசி, அதுவும் இந்த வகைதான்.

இனி அம்மா விஷயம். தடுக்காதீங்க, தடுத்தா கேக்கவும் மாட்டாங்க. ஆனா ஐயாயிரம் ஒரே தடவ போறதுக்கு பதிலா, பாதிய அந்த மாதிரி அவசரத்துக்கு வச்சுட்டு மீதிய மாசம் இருநூறு முந்நூறா நீங்க லீவுக்கு வரும்போது நேர்ல போய்ப் பாக்கக்கூடிய ஒரு எடத்துக்கு குடுங்க, தீராத நோயாளிங்கள வீட்லயே போய்ப் பாக்கற பாலியேட்டிவ் கேர் வண்டியோ, ஊனமுற்ற புள்ளைங்க ஸ்கூலோ, எதுவோ. நீங்க இந்திய பாஸ்போர்ட்தான, சொந்தக் காச பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது, அந்த பயம் வேண்டாம். டிவில பாத்து குடுக்கறதா இருந்தா, அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்கு, கேட்டதுக்கு மேல வந்தா மிச்சம் யாருக்குப் போகும், புள்ளைக்கு தொடர் சிகிச்சை யாரு பாக்கறாங்க, இத சேனலுக்கு போன் போட்டு கேட்டுட்டு அனுப்புங்க.

கேக்கற வேலைய அம்மாகிட்டயே விட்டுருங்க. கோயில் திருவிழா முடிஞ்சு கமிட்டிக்காரன் அடிக்கற வரவு செலவு நோட்டீஸ்ல பந்தலுக்கு ஐநூறு கூடுதலா எழுதிட்டாம்னு சண்ட போடுறது நம்ம ஊரு அம்மாமாருதான, சேனல்காரன் அவங்ககிட்ட தப்பிக்க முடியாது.